இரு கைத் தூண்டிலும் இரண்டு தாலியும்

தூண்டிலைப் பிடிக்கத் தெரியாதவர்கள்தான் தூண்டிலைப் பற்றி அதிகம் பேசுகிறார்கள். இதை நான் சிங்கப்பூரில், பிடோக்கில் உள்ள எங்கள் வீட்டுக் கூடத்திலேயே கண்டுகொண்டேன். என் கணவர் வாழ்நாளில் ஒரு மீனைக்கூடப் பிடித்ததில்லை. தேக்கா சந்தையில் மீன் வாங்கப் போனால் செவுளைத் தூக்கிப் பார்க்கக் கூச்சப்பட்டு, கடைக்காரர் எடுத்துக் கொடுத்ததை அப்படியே வாங்கிக்கொண்டு வருகிறவர். அவர்தான் எனக்குத் தூண்டில் தேர்ந்தெடுத்துத் தரும் பொறுப்பை, யாரும் கேட்காமலேயே, தன் தலையில் போட்டுக்கொண்டார்.

நியூசிலாந்தில் படித்த காலத்தில் டிரவுட் மீன் பிடிக்கக் கற்றுக்கொண்டேன். ஓடுகிற ஆற்றில் முழங்கால் தண்ணீரில் நின்று, இறகால் பூச்சி போலக் கட்டிய சின்னக் கொக்கியைத் தூரத்தில் வீச வேண்டும். கொக்கிக்கு எடை கிடையாது. நூலுக்குத்தான் எடை. ஆகவே வீசுவது நூலைத்தான். இத்தனை வருடங்களாக ஒற்றைக் கைத் தூண்டிலால் வீசிக்கொண்டிருந்தேன். வேலை, கல்யாணம் எல்லாம் வந்த பிறகும், விடுமுறை கிடைத்தபோதெல்லாம் அந்த ஆற்றுக்குப் போய் வந்தேன். சென்ற ஆண்டு வலது மார்பை எடுத்தார்கள். அக்குளிலும் கொஞ்சம் அறுத்தார்கள். அதற்குப் பிறகு வலது கை தோளுக்கு மேலே போக மறுத்துவிட்டது. ஒற்றைக் கைத் தூண்டிலைத் தலைக்கு மேலே முன்னும் பின்னும் ஆட்டினால்தான் நூல் போகும். அந்தக் கதை முடிந்தது.

மிச்சமிருந்தது இரு கைத் தூண்டில். நீளமானது. வலது கை மேல்பிடியைச் சும்மா தாங்கிக்கொண்டிருந்தால் போதும். அடிப்பிடியை இழுக்கும் வேலையை இடது கை பார்த்துக்கொள்ளும். இந்த டிசம்பரிலேயே அந்த ஆற்றில் நிற்க வேண்டும் என்று நான் முடிவு செய்தேன். அடுத்த வருடம் போகலாமே என்று நலம் விசாரிக்க வந்தவர்கள் எல்லாரும் சொன்னார்கள். அடுத்த வருடத்தை யாரோ எனக்குப் பொட்டலம் கட்டி வைத்திருப்பது போல. மருத்துவரே அப்படி எதையும் என் கையில் கொடுக்கவில்லை. ஆப்பிளும் ஹார்லிக்ஸும் கொண்டு வந்தவர்கள் கொடுத்தார்கள்.

என் கணவர் வங்கியில் கணினிப் பிரிவில் இருக்கிறார். திருச்சிக்காரர், வேலைக்கு வந்து இங்கேயே தங்கியவர். ஒரு பொருளை வாங்குவதற்கு முன் உலகத்தில் உள்ள எல்லாக் காணொளிகளையும் பார்த்துவிட வேண்டும் அவருக்கு. முதலில் பதினான்கு அடித் தூண்டில்தான் வேண்டும் என்றார்.

"அது சால்மன் பிடிக்கிறதுங்க. என் ஆத்துல இந்தக் கரையில நின்னா அந்தக் கரை ஆளு மூக்குல குத்தும்" என்றேன்.

"ஸ்ட்ராங்கா இருக்கும்லம்மா."

பதினோரு அடி போதும், தூண்டிலின் பலத்தைக் காட்டும் எண்ணில் நாலு போதும் என்றேன். உடனே அடுத்த ஆராய்ச்சி. ஒற்றைக் கைத் தூண்டிலின் நாலும் இரு கைத் தூண்டிலின் நாலும் ஒன்றல்ல, இதற்கு நூல் கனமாக வேண்டும் என்று கண்டுபிடித்து வந்தார். எனக்குத் தெரிந்ததை எனக்கே சொல்லிப் பயமுறுத்தினார். எண்ணைப் பார்த்து நூல் வாங்கக் கூடாதாம், எடையைப் பார்த்து வாங்க வேண்டுமாம். சரி, வாங்குங்கள் என்றால், இன்னும் ஒரு காணொளி இருக்கிறது என்பார். அதற்கடுத்த வாரம் காற்று. அதற்கடுத்து ஆற்றின் அகலம். கடல் வற்றினால் கருவாடு தின்னலாம் என்று உடல் வற்றிச் செத்த கொக்குக்கூட இவரைவிடச் சுறுசுறுப்பு. கடைசியில் ஒரு மத்தியானம் அவர் வேலைக்குப் போயிருந்தபோது நானே தூண்டிலை வரவழைத்துவிட்டேன். வந்ததைப் பார்த்து, "அவசரப்பட்டுட்டியோ" என்றார்.

மிச்சம் நூல். அதில் இரண்டு வகை. ஒன்று குட்டையாக, தடிமனாக, கனமாக இருக்கும். இன்னொன்று நீளமாக, மெலிதாக, லேசாக இருக்கும். உடம்பு சரியில்லாத கைக்கு லேசானதுதான் நல்லது என்று என் கணவர் தீர்ப்பு எழுதினார். நோயாளிக்குக் கஞ்சி என்கிற அதே புத்தி. கனமான நூல் தன் எடையாலேயே தூண்டிலை வளைத்துக்கொள்ளும், லேசானதை வளைக்க என் கைதான் பாடுபட வேண்டும் என்று சொல்லிப் பார்த்தேன். கேட்டால்தானே. பக்கத்து புளோக்கில் தூண்டில் கடை வைத்திருக்கும் மலாய்க்காரரிடம் இரண்டையும் வரவழைக்கச் சொன்னேன்.

இந்த இடத்தில் என் நாத்தனாரைச் சொல்ல வேண்டும். கணவரின் அக்கா. எனக்குச் சமைத்துப் போட என்று திருச்சியிலிருந்து வந்திருந்தார். சமையல் அருமை, அதில் குறை சொன்னால் நாக்கு அழுகிவிடும். ஆனால் அவர் கண் எப்போதும் என் கழுத்தில் இருந்தது. அறுவைச் சிகிச்சைக்காகத் தாலியைக் கழற்றியவள், கதிர்வீச்சு முடிந்த பிறகும் திரும்பப் போடவில்லை. சங்கிலி சரியாக அந்தத் தழும்பின் மேல்தான் வந்து உரசும். சொன்னேன். லேசான சங்கிலியாகப் பார்க்கலாமே என்று என்னை சிராங்கூன் ரோட்டு நகைக்கடை ஒவ்வொன்றாக ஏற்றி இறக்கினார். மீன் பிடிப்பதைப் பற்றியும் அவருக்குக் கருத்து இருந்தது.

"பிடிச்ச மீனைத் திருப்பித் தண்ணியில விடுறதுக்கா இவ்வளவு தூரம் போறே? தேக்காவுல வஞ்சிரம் மலை மாதிரி கிடக்குது."

ஒரு நாள் நான் சுவரில் விரல்களை ஏற்றி இறக்கும் கைப்பயிற்சி செய்துகொண்டிருந்தேன். நாத்தனார் சோபாவில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். கைப்பேசி அடித்தது. கை சுவரில் இருந்ததால் ஒலிபெருக்கியில் போட்டேன். தூண்டில் கடைக்காரர்.

"ஹலோ காக், தாலி ஆல்ரெடி சம்பாய் லா. டூ தாலி. ஒன் ஹெவி, ஒன் லைட். யூ ட்ரை ஃபர்ஸ்ட். நாட் நைஸ், கேன் சேஞ்ச்."

"ஓகே அபாங், டுமாரோ ஐ கலெக்ட்."

மலாயில் கயிறு, நூல் எல்லாமே தாலிதான். சம்பாய் என்றால் வந்துவிட்டது, காக் என்றால் அக்கா, அபாங் என்றால் அண்ணன். இங்கே பிறந்து வளர்ந்த எனக்கு அந்தச் சொல் காதில் உறுத்தவே உறுத்தாது. மலாய்க்காரர் தாலி என்றால் நூல், நகைக்கடைக்காரர் தாலி என்றால் தாலி. நான் பாட்டுக்குச் சுவரில் விரலை ஏற்றிக்கொண்டிருந்தேன். நாத்தனார் கீரையைப் போட்டுவிட்டு எழுந்து உள்ளே போனார். திருச்சிக்குப் பேசுகிற சத்தம் கேட்டது. அவர் தினமும் திருச்சிக்குப் பேசுகிறவர்தான்.

மறுநாள் காலை வீடே சாம்பிராணி. நாத்தனார் தலைக்குக் குளித்து விளக்கேற்றி, என் பட்டுச்சேலை ஒன்றை இஸ்திரி போட்டு நாற்காலியில் விரித்திருந்தார். என் கணவர் வேட்டியில் நின்றார். என்ன விசேஷம் என்று கேட்டேன். "தெரியல, அக்கா கட்டச் சொன்னாங்க" என்றார். இந்த மனிதர் தூண்டிலுக்கு மட்டும்தான் நூறு கேள்வி கேட்பார்.

நான் கடைக்குப் போய் நூலை வாங்கிக்கொண்டு வந்தேன். வாசலிலேயே நாத்தனார் பையைக் கைநீட்டி வாங்கி, கண்ணில் ஒற்றிக்கொண்டு, விளக்கின் முன் வைத்து, இரண்டு பெட்டிகளுக்கும் குங்குமம் வைத்தார். கடைசியில் இந்த வீட்டில் ஒருவராவது என் தூண்டிலை மதித்தாரே என்று நினைத்தேன். எவ்வளவு முட்டாளாக இருந்தேன் என்பதைச் சொல்லத்தான் வேண்டும்.

"நல்ல நேரம் முடியப் போகுது. கனமானது நல்லநாள் பெரியநாளுக்கு இருக்கட்டும். லேசானதை எடுத்து இப்பக் கட்டச் சொல்லும்மா" என்றார்.

என் கணவருக்கு ஒரே மகிழ்ச்சி. "நானும் அதைத்தான்க்கா சொல்றேன், லைட்தான் அவளுக்கு நல்லது" என்று சொல்லிக்கொண்டே பெட்டியைப் பிரித்தார். உள்ளே பச்சை நிறத்தில் ஒரு நூல் சுருள். அடுத்த பெட்டியில் ஆரஞ்சு நிறத்தில், அதைவிடத் தடியாக இன்னொன்று.

நாத்தனார் பெட்டியைக் கவிழ்த்துத் தட்டிப் பார்த்தார். "தாலி எங்க?"

"இதுதான் அண்ணி. மலாயில நூலுக்குப் பேரு தாலி."

முதலில் சிரித்தது நான்தான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். பிடிக்காவிட்டால் மாற்றிக்கொள்ளலாம் என்று கடைக்காரர் சொன்னதைக் கேட்டும், இந்த ஊரில் எல்லாவற்றுக்கும் அப்படியொரு சலுகை இருக்கும் என்று நம்பியிருக்கிறாரே, அதை நினைத்துச் சிரித்தேன். நாத்தனார் முகம் சிவந்துவிட்டது.

"சிரிப்பு வருதா உனக்கு? புருஷன் கல்லு மாதிரி நிக்கும்போது வெறுங்கழுத்தோட திரியறே. நான் ஊருக்குப் போய் நாலு பேர் முகத்துல எப்படி முழிப்பேன்? மீன் பிடிக்கிற கயித்துக்குக் காட்டுற அக்கறையில கால்வாசி அதுக்குக் காட்டக் கூடாதா?"

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அந்த நாலு பேர்! ஆஸ்பத்திரியில் என்னோடு ஒரு இரவு உட்கார வராத நாலு பேர். சட்டையின் மேல் பொத்தான்களைக் கழற்றி, தழும்பைக் காட்டினேன். இத்தனை நாள் எனக்குச் சோறு போட்டவர், ஒரு தடவையும் அதைப் பார்த்ததில்லை. கதிர்வீச்சில் கருத்து, ஓரங்களில் இன்னும் தோல் உரிந்துகொண்டிருந்தது. நாத்தனார் பார்த்தார். என் கணவர் சுவரைப் பார்த்தார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது, அவரும் இதுவரை பார்க்கவில்லை என்று. ஒவ்வொரு முறையும் நான் துணி மாற்றும்போது அவருக்கு எங்கிருந்தோ ஒரு வேலை வந்துவிடும். காணொளியோ, காற்றின் வேகமோ.

நாத்தனார் கண்ணைத் துடைத்துக்கொண்டு பட்டுச்சேலையை மடித்து வைத்தார். பெட்டிகளைத் திரும்ப என் கையில் கொடுத்தார். "அந்தக் குங்குமத்தைத் துடைச்சிடாதே. இருந்துட்டுப் போகட்டும்" என்றார். மன்னிப்பு என்று அவர் ஊரில் அதற்குப் பெயர் போலிருக்கிறது. வாங்கிக்கொண்டேன்.

அந்த வாரக் கடைசியில் பிடோக் நீர்த்தேக்கத்துக்குப் போனோம். புல்தரையிலேயே வீசிப் பார்க்கலாமே என்றார் என் கணவர். இந்த வீச்சுக்குத் தண்ணீர் வேண்டும், நூலின் நுனி தண்ணீரில் ஒட்டிப் பிடித்துக்கொண்டால்தான் தூண்டில் வளையும் என்றேன். அது எந்தக் காணொளியிலும் வரவில்லையே என்றார். கொக்கிக்குப் பதில் நுனியில் கம்பளி நூலைக் கட்டிக்கொண்டு, அவர் ஆசைக்கு முதலில் லேசான நூலைப் போட்டேன்.

வீசினேன். போகவில்லை. இன்னும் கொஞ்சம் பலம் கொடுத்தேன். காலடியிலேயே இடியாப்பம் பிழிந்தது போல விழுந்தது. நாலைந்து முறைக்குள் அக்குளில் யாரோ கம்பியைச் செருகி முறுக்குவது போல வலி. தூண்டிலைத் தாழ்த்திவிட்டு நின்றேன். முடியாதோ என்று பயம் வந்தது. நிஜமான பயம். அறுவைச் சிகிச்சை அன்று காலைகூட அவ்வளவு பயப்படவில்லை.

திரும்பிப் பார்த்தேன். என் கணவர் முகத்தில் நிம்மதி. அதை மறைக்க அவருக்குச் சாமர்த்தியம் போதாது.

"பரவால்லம்மா. அடுத்த வருஷம்…"

"ஹெவியை எடுங்க."

"கை வலிக்குதுன்னு…"

"எடுங்கன்னா எடுங்க. மனுசனா நீங்க? நான் தோத்துப் போனா உங்களுக்கு லட்டு கிடைச்ச மாதிரி இருக்கா?"

எடுத்துக் கொடுத்தார். ஆரஞ்சு நூலை மாட்டினேன். மெதுவாகத் தூக்கி, பக்கவாட்டில் தண்ணீரில் வைத்து, நூலில் ஒரு வளையம் விழுந்ததும் இடது கையால் அடிப்பிடியை வயிற்றை நோக்கி இழுத்தேன். அவ்வளவுதான். நூல் தானாகவே எழுந்து, தண்ணீருக்கு மேல் நீட்டிக்கொண்டே போனது. வலது கை இடுப்புக்கும் தோளுக்கும் நடுவிலேயே இருந்தது. வலிக்கவில்லை. மறுபடி வீசினேன். மறுபடியும் போனது. கண்ணில் தண்ணீர் வழிய வழிய வீசிக்கொண்டே இருந்தேன். வெட்கமே இல்லை. அவ்வளவு சந்தோஷம்.

எனக்குப் பின்னால், பாதையில் ஒருவர் ஓடிக்கொண்டு வந்தார். "பார்த்து, பார்த்து! நூல்!" என்று என் கணவர் கத்தினார். அந்த மனிதர் எங்களை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு ஓடிப் போனார். நூல் அவர் பக்கமே போகவில்லை.

"பின்னாடி வரவே இல்லையே" என்றார் என் கணவர்.

"இதுல பின்னாடி வீச வேண்டியதே இல்ல. எல்லாம் பக்கத்துல, முன்னால."

என் முதுகுக்குப் பின்னால் இருந்த இடத்தைக் கண்ணால் அளந்தார்.

"அப்ப ஆத்துல நான் உனக்குப் பின்னாடியே நிக்கலாமா?"

"எதுக்கு?"

"தண்ணி இழுத்துச்சுன்னா பிடிக்கணும்லம்மா. இத்தனை மாசமா அதேதான் நினைப்பு."

"உங்களுக்கு நீச்சலே தெரியாது."

"தெரியாதுதான்" என்றார். "ஆனா முழங்கால் தண்ணிதானே?"

நான் நூலை இழுத்துச் சேர்த்தேன். அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் என் கோபம் எல்லாம் வீணாகப் போயிருக்கும்.

"நிக்கலாம்" என்றேன். "ஆனா வாயைத் திறக்கக் கூடாது."

அவர் அப்போதே வாயை மூடிக்கொண்டு எனக்குப் பின்னால் வந்து நின்றார்.