கல்லில் இருந்த பதினொரு பேர்

போன வாரம் மகளின் நோட்டுகளுக்கு அட்டை வாங்கப் போயிருந்தேன். கடைக்காரர் மேல்தட்டைக் குடையும்போது ஒரு கார்பன் பேப்பர் டப்பா கீழே விழுந்து திறந்துகொண்டது. அந்த மெழுகு வாசனை வந்ததுதான் தாமதம், எதை வாங்க வந்தேன் என்பதே மறந்துவிட்டது. சிதம்பரம் பேருந்து நிலையத்துக்கு எதிரில், மாமாவின் டைப்பிங் கடையில் போய் உட்கார்ந்துவிட்டேன்.

சுனாமி வந்து இரண்டு மூன்று வருஷம் ஆகியிருந்த சமயம். ஆசிரியர் பயிற்சிக்கு இடம் கிடைக்காமல் வீட்டில் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டிருந்த என்னை, அம்மாவின் தம்பி தன் கடைக்கு அழைத்துப் போனார். இரண்டு கம்ப்யூட்டர், ஒரு ஜெராக்ஸ் மிஷின், யாரும் கேட்காவிட்டாலும் தீராத கார்பன் பேப்பர். நான் வேகமாக அடிப்பேன். சரியாக அடிப்பேனா என்பது வேறு விஷயம். பத்திரிகையில் "மணமகன்" என்பதை "மனமகன்" ஆக்கி ஒரு கல்யாண வீட்டையே கடைக்கு வரவழைத்தவள் நான்.

கலா அக்கா அங்கேதான் வந்தார். தேவனாம்பட்டினத்துக்காரர். கடலூரிலிருந்து பஸ்ஸில் மீன் கொண்டுவந்து சிதம்பரத்தில் விற்றுவிட்டு, காலிக் கூடையை வாசலுக்கு வெளியே வைத்துவிட்டு உள்ளே வருவார். கூடையின் வாடை எங்களுக்குத் தொந்தரவாக இருக்குமாம்.

"ஒரு மனு அடிக்கணும் தங்கச்சி. ரோட்டோரம் ஒரு கல்லு இருக்குது. அத எடுக்கப் போறாங்க."

கடலூர் சாலையில் ஓர் ஓடைப்பாலத்துக்குப் பக்கத்தில், இடுப்பளவு உயரத்தில் நின்ற நினைவுக்கல் அது. பஸ்ஸில் நூறு முறை கடந்து போயிருக்கிறேன். கண்டக்டர்கள் அந்த நிறுத்தத்தின் பெயரைக் கூவக் கேட்டும், மைல்கல் என்றே நினைத்திருந்தேன். இரண்டாம் உலக யுத்தக் காலத்தில், சென்னைப் பட்டணத்தில் ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்ற பயத்தில் ஒரு விடுதிப் பிள்ளைகளைத் தெற்கே அனுப்பியிருக்கிறார்கள். வந்த லாரி ஓடை வெள்ளத்தில் கவிழ்ந்தது. அதுவரை குண்டே விழாத ஊரிலிருந்து கிளம்பி வந்து, பதினொரு பிள்ளைகள் இங்கே தண்ணீரில் போய்விட்டன. கல்லில் அவர்கள் பெயரும் வயதும் இருந்தன.

ஒருநாள் பஸ் பழுதாகி அந்த இடத்தில் நின்றபோது அக்கா இறங்கி எழுத்துக்கூட்டிப் படித்திருக்கிறார். அன்றிலிருந்து ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அங்கே இறங்கிக் கல்லைக் கழுவி, இரண்டு கனகாம்பரம் வைத்துவிட்டு அடுத்த பஸ் பிடிப்பார். இப்போது சாலையை அகலப்படுத்த, கல்லின் மேல் சிவப்புப் பெயின்ட்டில் பெருக்கல் குறி போட்டிருந்தார்கள்.

மனுவை அடித்துக் கொடுத்தேன். அக்கா கேட்டுக்கொண்டதால் கடலூர் நெடுஞ்சாலைத் துறை அலுவலகத்துக்கும் கூடப் போனேன். அதிகாரி நிதானமாகப் படித்தார். பிறகு காகிதத்தை என் பக்கம் திருப்பினார். "நினைவுக்கல்லை அகற்ற வேண்டாம்" என்பதற்குப் பதிலாக "நினைவுகளை அகற்ற வேண்டாம்" என்று அடித்திருந்தேன்.

"நினைவையெல்லாம் நாங்க எடுக்கலம்மா. கல்லத்தான் எடுக்கப் போறோம்" என்றார். பக்கத்து மேசைக்காரர் சிரித்தார். எனக்குத் தலை நிமிரவில்லை. அதிகாரி அக்காவைப் பார்த்தார்.

"இந்தப் புள்ளைங்களுக்கு நீங்க என்ன ஒறவு?"

அக்கா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார்.

"ஒறவு இல்ல சார். சுனாமில எம்பொண்ணு தேவி போயிட்டா. ஏழு வயசு. அவள எல்லாரோடயும் சேத்துக் குழியில வெச்சப்ப நான் ஆஸ்பத்திரில கெடந்தேன். அவ பேரு எங்கயும் எழுதல. இந்தப் புள்ளைங்களுக்காச்சும் பேரு எழுதி வெச்சிருக்காங்களேன்னுதான் சார் போறேன்."

சிரித்தவர் எழுந்து தண்ணீர் குடிக்கப் போனார்.

"சாலைய மாத்த என்னால முடியாதும்மா," என்றார் அதிகாரி, குரல் இறங்கி. "பத்து நாள்ல வேற எடம் பாத்து நீங்களே எடுத்துக்குங்க. அதுக்குள்ள மிஷின் வராம நான் பாத்துக்குறேன்."

ஓடைக்கு அந்தப் பக்கம் இருந்த தொடக்கப் பள்ளியின் தலைமையாசிரியை, வேப்பமரத்தடியில் வைத்துக்கொள்ளச் சொன்னார். கல்லைப் பெயர்ப்பதற்கு முன்னால், எதற்கும் இருக்கட்டும் என்று, நான் வெள்ளைத் தாளை அதன் மேல் விரித்து, கார்பன் பேப்பரால் தேய்த்து எழுத்துகளைப் பிரதியெடுத்தேன். மாலை வெயில் சாய்ந்திருந்தது. தாளில் நீலத்துக்குள்ளிருந்து ஒவ்வொரு பெயராக வெள்ளையாக எழுந்து வந்தது. தண்ணீருக்கடியிலிருந்து யாரோ மெல்ல முகம் காட்டுவதுபோல இருந்தது. அக்கா ஒவ்வொன்றையும் வாய்விட்டுப் படித்தார். வருகைப் பதிவேட்டை வாசிப்பதுபோல, ஒரு பெயருக்கும் அடுத்த பெயருக்கும் நடுவில் கொஞ்சம் நிறுத்தினார். எங்களைக் கடந்து லாரிகள் போய்க்கொண்டிருந்ததாகத்தான் நினைக்கிறேன். ஆனால் அந்த நேரத்தின் சத்தம் எதுவும் என் நினைவில் இல்லை.

தூக்குவதற்கு அக்காவின் கொழுந்தனும் தெருக்காரர்களும் படகு இழுக்கும் கயிற்றோடும் சவுக்குக் கட்டைகளோடும் வந்தார்கள். "ஏலேலோ" இல்லை, ஒன்றுமில்லை. சாமி தூக்குகிறவர்கள்போல வாய் திறக்காமல் இழுத்தார்கள். அப்படியும் ஓடைச் சரிவில் கல் ஒருமுறை நழுவி, கீழ் மூலை உதிர்ந்துபோனது. பதினொன்றாவது பெயர் அந்த மூலையில்தான் இருந்தது.

அக்கா அந்தத் துண்டுகளை மடியில் பொறுக்கினார். பொருத்திப் பார்த்தால் ஓர் எழுத்துகூடச் சேரவில்லை.

"எங்கிட்ட இருக்குக்கா," என்று தாளை விரித்தேன். தெரசா, வயது ஆறு. என் வாழ்க்கையில் பிழையில்லாமல் நான் எடுத்துக் கொடுத்த ஒரே பிரதி அதுவாகத்தான் இருக்கும்.

கல்தச்சர் அந்த மூலையில் புதுத் துண்டு பதித்து, உளியைக் கையில் எடுத்துக்கொண்டு, "பேரு மட்டும் போதுமா?" என்று கேட்டார்.

"வயசும் போடுண்ணே. இல்லன்னா யாரோ பெரிய மனுஷின்னு நெனச்சிப்பாங்க" என்றார் அக்கா.

முதல் சில நாள், பள்ளிப் பிள்ளைகள் கல்லின் மேல் சாய்ந்துகொண்டு சத்துணவு சாப்பிடுவதைப் பார்த்து அக்காவுக்கு மனசு ஒப்பவில்லை. ஒருநாள் தட்டை எடுக்கச் சொல்லப் போனவர், அவர்கள் பேசிச் சிரிப்பதைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார். "இருக்கட்டும் வுடு. கல்லுல இருக்கற புள்ளைங்களுக்கும் இத்தினி வருஷமா பேச்சுத்தொண இல்ல" என்றார்.

பிறகு எனக்குக் கல்யாணமாகி சேலம் போனேன். மாமா கடை செல்போன் கடையானது. 2012இல் கைக்குழந்தையோடு ஊருக்கு வந்தபோது, அக்கா மீன் விற்பதை விட்டுவிட்டுக் காசிமேட்டுத் தங்கையோடு போய்விட்டதாகச் சொன்னார்கள். போன் நம்பர் யாரிடமும் இல்லை. பள்ளிக்காவது போய்வரலாம் என்று கடலூர் பஸ் ஏறினேன்.

கல் முதலில் நின்ற அந்த நிறுத்தத்துக்கு முன்பெல்லாம் கண்டக்டர்கள் ஒரு பெயர் வைத்திருந்தார்கள். கல் இடம் மாறிய பிறகும் ஒரு வருஷத்துக்கு மேல் அந்தப் பெயரைத்தான் கூவினார்கள். கல்லைக் காப்பாற்றக் கயிறு கொண்டுவந்தோம், ஆள் கொண்டுவந்தோம், தாள் கொண்டுவந்தோம். தினமும் ஒவ்வொரு பஸ்ஸிலும் சொல்லப்பட்ட அந்த வார்த்தையை என்ன செய்து காப்பாற்றியிருக்க முடியும் என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

"புள்ளைங்க கல்லு, ஒண்ணு" என்றேன்.

கண்டக்டருக்கு இருபத்தைந்து வயதுகூட இருக்காது. டிக்கெட் மிஷினில் மேலும் கீழும் தேடினார்.

"அப்பிடி ஒரு ஸ்டாப்பு இல்லையேக்கா" என்று சொல்லி, பைபாஸுக்கு ஒரு டிக்கெட் கிழித்துக் கொடுத்தார்.