விண்ணப்பத்தின் மூன்றாம் வரி

என் தந்தையார் பதுளைக்கும் பண்டாரவளைக்கும் இடையிலிருந்த ஒரு தேயிலைத் தோட்டத்தில் ஆட்களைத் திரட்டி வேலை வாங்கிய பெரிய கங்காணி. முந்நூறு பேருக்கு மேல் அவர் பெயரைச் சொல்லி மலையேறினார்கள். அத்தகைய குடும்பத்தின் இளைய மகனாகிய நான், பதுளையில் ஒரு மிஷன் பள்ளியின் விடுதியில் தங்கிப் படித்து, கடைசிப் பரீட்சையில் கணிதத்தில் முதலிடம் பெற்றேன். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. பின்னால் நடந்ததற்கு இது தேவைப்படுகிறது.

பள்ளித் தலைவரான பாதிரியார் கொழும்புக் கல்லூரியொன்றின் விண்ணப்பத்தை என்னிடம் கொடுத்தார். அது ஆங்கிலத்தில் அச்சிடப்பட்ட ஒற்றைத் தாள். முதல் வரியில் பெயர், இரண்டாவதில் தந்தையின் தொழில். மூன்றாம் வரியில் மாணவன் எந்தப் பிரிவில் சேர விரும்புகிறான் என்பதை எழுத வேண்டும். பாதையும் பாலமும் கட்டும் சிவில் பிரிவு, இயந்திரப் பிரிவு, தந்தியும் மின்சாரமும் சேர்ந்த பிரிவு என மூன்று இருந்தன. “ஒன்றை மட்டும் எழுது. எழுதியபின் மாற்ற மாட்டார்கள்” என்றார் பாதிரியார்.

நான் எதை எழுதுவேன் என்பதில் அதுவரை ஐயமே இருந்ததில்லை. எங்கள் தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையை, ஸ்டோர் என்று எல்லோரும் சொல்வதை, ஓடைத் தண்ணீரில் சுழலும் ஒரு பெரிய ரோதை இயக்கியது. அந்தச் சக்கரத்தையும், அதிலிருந்து உள்ளே ஓடிய பெல்ட்டுகளையும் பார்த்துக்கொண்டவர் என் அண்ணன். விடுமுறைக்குப் போகும்போதெல்லாம் அவரோடு நின்று ஒவ்வொரு பல்லையும் அச்சையும் தெரிந்துகொண்டேன். இயந்திரப் பிரிவென்று பள்ளியிலேயே சொல்லி வைத்திருந்தேன்.

அந்தத் தாளோடு வீட்டுக்குப் போனபோது அண்ணனுக்கு வலக்கை முழங்கைக்குக் கீழே இல்லை. மூன்று வாரங்களுக்கு முன் பெல்ட் இழுத்துக்கொண்டது. பதுளை ஆஸ்பத்திரியில் கையை எடுத்துவிட்டிருந்தார்கள். பரீட்சை நடந்துகொண்டிருந்ததால் எனக்குச் சொல்லி அனுப்பவில்லை. அவர் வாசலில் உட்கார்ந்து இடக்கையால் சோறு உண்ணப் பழகிக்கொண்டிருந்தார். நான் அருகே உட்கார்ந்து பார்த்தேன். அழுகை வரவில்லை. எதுவுமே வரவில்லை. அம்மா எனக்கும் சோறு போட்டார். உண்டேன்.

“என்ன தம்பி, கல்லு மாதிரி உக்காந்திருக்க? அந்தத் தாளப் படிச்சுக் காட்டு” என்றார் அண்ணன்.

தமிழாக்கிப் படித்துக் காட்டினேன். இயந்திரம் என்ற சொல் வந்ததும் அப்பா எழுந்து வெளியே போனார்.

என் தந்தையார் எனக்கு இதைப் படி, இதைப் படிக்காதே என்று ஒரு சொல்லும் சொல்லவில்லை. அவருக்கு வேறு வழி இருந்தது. ரோதையைக் காப்பது ரோதை முனி என்பது தோட்டத்து நம்பிக்கை. ஸ்டோருக்குப் பின்னால், தண்ணீர் விழும் இடத்தில், சூலம் நட்ட ஒரு கல்லாக முனி இருந்தார். ஞாயிற்றுக்கிழமை ரோதையை நிறுத்தியிருக்கும் காலையில் அங்கே பூக்கட்டிப் பார்ப்பதென்று அப்பா முடிவு செய்தார். துரை பங்களாத் தோட்டத்திலிருந்து ஒரு செம்பருத்தியும் ஒரு வெள்ளை ரோஜாவும் வந்தன. சிவப்பு வந்தால் இயந்திரம், வெள்ளை வந்தால் பாதை. அப்பா தம் கையாலேயே இரண்டையும் வாழையிலையில் பொதிந்து கட்டினார். வெள்ளை வர வேண்டுமென்று அவர் வேண்டிக்கொண்டது எல்லோருக்கும் தெரியும்.

பூசாரி தயங்கினார். “பெரிய கங்காணிங்க கோவிச்சுக்கக் கூடாது. ரோதை முனிகிட்ட வந்து ரோதை வேணுமா வேணாமான்னு கேட்டா, அது வேணாம்னா சொல்லும்? மாரியம்மன்கிட்டப் போயிக் கேட்டிருக்கலாங்க.”

“கைய வாங்குனது யாரு? அதுகிட்டத்தான் கேக்கணும்” என்றார் அப்பா.

“அப்பா, முனி என் கையக் கேக்கலப்பா. பெல்ட்டுதான் கேட்டுச்சு. அதுக்குப் படையல் போடுற பழக்கம் நம்மகிட்ட இல்ல” என்றார் அண்ணன். பூசாரிக்குச் சிரிப்பு வந்து, துண்டால் வாயை மூடிக்கொண்டார்.

பூசாரியின் மூன்று வயதுப் பேத்தி ஒரு பொட்டலத்தை எடுத்தாள். அவிழ்த்தபோது செம்பருத்தி.

அப்பா அதை எடுத்து முனியின் கல்லுக்கு முன்னால் வைத்தார். பிறகு, “சரி. கேக்குது. குடுத்துருவோம்” என்றார்.

“ஆட்டக் குடுக்குற மாதிரி பேசாதீங்க” என்றார் அம்மா.

கல்லூரியில் படிக்கப் போகிறவன் என்ற முறையில் இந்தச் சடங்கு எனக்கு வெட்கமாக இருந்திருக்க வேண்டும். நான் விரும்பிய விடையே வந்ததால் மகிழ்ச்சியாகவாவது இருந்திருக்க வேண்டும். இரண்டும் இல்லை. நின்றிருந்த ரோதையின் மரப்பலகைகளில் பாசி படிந்திருந்தது நினைவிருக்கிறது.

திரும்பி வரும் வழியில் அண்ணன் என்னோடு நடந்தார். “நீ படிச்சிட்டு வந்து அந்தப் பெல்ட்டுக்கு ஒரு கம்பித் தடுப்புப் போட்டுக் குடு. அங்க இன்னும் நாலு பேரு நிக்கிறாங்க. நான் சொன்னா துரை கேக்க மாட்டாரு. கோட்டு போட்டுக்கிட்டு நீ சொன்னாக் கேப்பாரு.”

“சரிண்ணே” என்றேன்.

மறுநாள் காலை, பதுளைக்குப் போகும் தபால்காரன் பையோடு வாசலில் காத்திருந்தான். நான் மேசையில் தாளை விரித்து, பெயரை எழுதினேன். தந்தையின் தொழிலை எழுதினேன். அந்த நேரத்தில் ஸ்டோரில் தண்ணீரைத் திறந்துவிட்டார்கள். ரோதை சுழலத் தொடங்கி, பெல்ட் அறையும் ஓசை மலைச்சரிவில் ஏறி வந்தது. அது நான் பிறந்தது முதல் கேட்ட ஓசை. மூன்றாம் வரியில் சிவில் என்று எழுதினேன். எழுத்து சற்றும் கோணவில்லை. அச்சம் என்று அதற்குப் பெயர் சொல்ல இத்தனை ஆண்டுகள் ஆகியிருக்கின்றன.

வீட்டில் ஆங்கிலம் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவனே. அப்பா பேனாவை வாங்கிக்கொண்டு, “மெசின்னுதான எழுதியிருக்க?” என்று கேட்டார்.

“ஆமாங்கப்பா.”

கையொப்பமிட வேண்டிய இடத்தை விரலால் காட்டினேன். அவர் தமிழில், நிறுத்தி நிதானமாக, முழுப் பெயரையும் எழுதினார்.

இடம் கிடைத்தது. கொழும்பிலிருந்து முதல் விடுமுறைக்கு வந்தபோது, இயந்திரப் பிரிவில் இடமில்லையென்று என்னைப் பாதைப் பிரிவில் போட்டுவிட்டார்கள் என்று சொன்னேன். சொன்னதைக் கொடுக்காத குற்றத்துக்காக அப்பா முனிக்கு ஒரு கிடாய் வெட்டினார். அவர் முகத்தில் கவலை தெரியவில்லை. அன்று நன்றாக உண்டார்.

அண்ணன் அப்படி விடவில்லை. “தோட்டத்துப் பிள்ளைன்னா மட்டும் இடமில்லாமப் போயிருது. கங்காணி மகன் மெசினத் தொடக் கூடாதாக்கும்” என்று தொழிலாளர் குடியிருந்த லயங்களில் சொன்னார், பதுளைக் கடைகளில் சொன்னார், அப்புத்தளைச் சொந்தக்காரர்களிடம் சொன்னார். அநியாயமாகத் தடுக்கப்பட்டும் முன்னுக்கு வந்த பிள்ளை என்ற பெயர் எனக்கு அவரால் கிடைத்தது. நான் பாதைகளும் பாலங்களும் கட்டி உத்தியோகத்தில் உயர உயர அந்தக் கதையும் கூடவே வளர்ந்தது. ஓய்வுபெற்றபோது எனக்களித்த வாழ்த்துப் பத்திரத்தில் அதை அச்சிட்டிருந்தார்கள். மாலையோடு உட்கார்ந்து, படித்து முடிக்கும்வரை கேட்டுக்கொண்டிருந்தேன்.

பெல்ட்டுக்குத் தடுப்பு பல ஆண்டுகளுக்குப் பின் வேறொரு துரை காலத்தில் வந்தது. அதற்குள் இன்னொருவருக்கு விரல்கள் போயிருந்தன. அவரை நான் அறிவேன். அந்தத் தடுப்பில் எனக்குப் பங்கில்லை.

அண்ணன் தடுப்பைப் பற்றி என்னிடம் மறுபடி கேட்கவே இல்லை. பாதைப் பிரிவுக்காரனிடம் கேட்பது முறையில்லை என்று நினைத்திருக்கலாம். நோயில் கிடந்த கடைசி நாட்களிலும், பார்க்க வந்த ஒருவரிடம், என் தம்பிக்குச் செய்த அநியாயம் என்று ஆரம்பித்தார். நான் கட்டிலருகே நின்றிருந்தேன். அப்போதும் வாய் திறக்கவில்லை.

இவ்வளவு காலமும் அந்தக் கல்லூரியின் மேல் எங்கள் மக்கள் சுமத்தி வந்த பழிக்கு ஆதாரம் கிடையாது என்பதை இங்கே எழுதி வைக்கிறேன். அவர்கள் எனக்கு எதையும் மறுக்கவில்லை. கேட்ட பிரிவைக் கொடுத்தார்கள்.