மைக்கில் சொன்ன எடை

யாரும் கேட்காத கேள்விக்குப் பதில் சொல்லிச் சம்பளம் வாங்குகிற வேலைக்குச் சமூக முன்னேற்றம் என்று பெயர். எழுபதுகளின் கடைசியிலும் எண்பதுகளின் தொடக்கத்திலும் நான் அந்த வேலையைத்தான் பார்த்தேன். மதுரை விளாங்குடியில் வீடு, கே.கே. நகரில் ஆபீஸ், பேரையூருக்குத் தெற்கே கரிசல் காட்டில் ஒரு ஊர். பஸ் பிடித்து ஆபீஸ் போய், அங்கிருந்து ஜீப்பில் ஊர் போய்ச் சேர்வதற்குள் பாதி நாள் போய்விடும். மிச்சப் பாதியில் கல்வி, சுகாதாரம், விவசாயம், சுற்றுச்சூழல் நான்கையும் முன்னேற்றிவிட்டுப் பொழுது சாய்வதற்குள் திரும்ப வேண்டும்.

இந்த வேலையில் காலம் தள்ளியவர்கள் இதைப் படித்தால் அவரவர் ஊரும் அவரவர் செய்த தப்பும் ஞாபகத்துக்கு வரும். எனக்கு வருவது வீராயியின் முகம். மானாவாரி நிலம் வைத்திருந்த மொக்கைச்சாமி வீட்டு மருமகள். அப்போது இருபத்திரண்டு வயது இருக்கும். முதல் குழந்தை வயிற்றுப்போக்கில் போய்விட்டது. அடுத்துப் பிறந்தவள் செல்வி. இவளை எப்படியாவது ஆளாக்கிவிட வேண்டும் என்பது தவிர வீராயிக்கு வேறு நினைப்பு கிடையாது. அதனால் நாங்கள் எதைத் தூக்கிக்கொண்டு போனாலும் முதல் ஆளாக வந்து நின்றாள்.

புகை போன வீடு

முதலில் கொண்டுபோனது புகையில்லா அடுப்பு. கூரையைப் பிளந்து குழாய் வைக்க வேண்டும் என்றதும் ஊரே பின்வாங்கியது. வீராயிதான் எங்கள் வீட்டில் வையுங்கள் என்றாள். புகையில் செல்வி இருமிக்கொண்டே இருக்கிறாளாம். வைத்தோம். புகை குழாய் வழியாக வெளியே போவதைப் போட்டோ எடுத்துக்கொண்டு வந்தோம்.

மூன்று மாதம் கழித்துப் போனபோது என்னை உள்ளே கூப்பிட்டு மேலே பார்க்கச் சொன்னாள். அடுப்புக்கு மேலே கயிற்றில் விதைச்சோளக் கதிர்கள் தொங்கின. காலங்காலமாக அந்த வீட்டில் விதை அங்கேதான் தொங்கும், புகை படப்பட வண்டு அண்டாது. இப்போது புகை இல்லை. கதிரில் கை வைத்தால் மாவாகக் கொட்டியது. புகை கெடுதல் என்று நான் படித்திருந்தேன். அதற்கு அந்த வீட்டில் ஒரு வேலை இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை, யாரிடமும் கேட்கவும் இல்லை. நான் தலையைச் சொறிந்துகொண்டு நின்றேன். அவள்தான் என்னைச் சமாதானப்படுத்தினாள்.

"பிள்ளைக்கு இருமல் நின்னுருச்சு சார், அது போதும். வெதையப் பக்கத்து வீட்டு அடுப்புல தொங்க விட்டுக்கிருவோம்."

ஆடும் கன்றும்

ஆபீஸில் சுற்றுச்சூழலுக்கு ஒரு அறை, விவசாயத்துக்கு ஒரு அறை. நடுவில் ஒரு சுவர். இந்த அறை சொன்னபடி கண்மாய்க்கரை நெடுக வேம்பும் புங்கனும் நட்டோம். அடுத்த மாதம் அந்த அறை சொன்னபடி வீட்டுக்கு இரண்டு ஆட்டுக்குட்டி கொடுத்தோம். இரண்டையும் ஏற்றிப்போனது ஒரே ஜீப். இரண்டு பட்டியலிலும் பெயர் எழுதியவன் நான். அப்போதும் எனக்கு உறைக்கவில்லை.

அதோடு விட்டோமா? மாதாமாதம் ஆட்டை எடை போட்டு, நன்றாக வளர்ந்த ஆட்டுக்கு எவர்சில்வர் குடம் பரிசு என்று வேறு அறிவித்தோம். பிள்ளைகளுக்குக் கொடுக்கச் சொல்லி எங்கள் நர்ஸ் ரஞ்சிதம் வீடு வீடாகப் போய்ச் சொல்லிவைத்த முருங்கைக்கீரையும் ஆட்டுக்குப் போனது. டைரக்டர் தோப்பைப் பார்க்க வந்தார். கரையில் வரிசையாகக் குச்சிகள் நின்றன. கன்றுகளை ஏன் பாதுகாக்கவில்லை என்று அவர் கேட்டதற்கு, வீராயியின் மாமனார் மொக்கைச்சாமி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"கன்னும் ஒங்களது, ஆடும் ஒங்களது. நடுவுல நாங்க யாருக்குன்னு பரிஞ்சு பேசுறது சார்?"

ஒரே தராசு

கொக்கியில் தொங்கவிட்டு எடை பார்க்கிற தராசு எங்களிடம் ஒன்றுதான் இருந்தது. காலையில் புளியமரக் கிளையில் அதைக் கட்டி ஆடுகளை எடை போட்டோம். மத்தியானம் அதே கிளை, அதே கொக்கி, குழந்தைகளைக் கொண்டுவாருங்கள் என்றோம். தாய்மார் யாரும் கிட்ட வரவில்லை. ஆட்டைத் தூக்கினதில் பிள்ளையைத் தூக்குவதா என்றார்கள். பிள்ளையை எடை போட்டால் கண்ணு படும், அப்புறம் தேறாது என்றார்கள். நான் வளர்ச்சி அட்டையை விரித்து அரை மணி நேரம் பேசினேன். ஒரு பெண் கொட்டாவி விட்டாள்.

வீராயி எழுந்து வந்தாள். கொக்கியைக் கழற்றி மஞ்சள் தண்ணீரில் கழுவினாள். தன் பழைய சேலையை மடித்துத் தூளியாகக் கட்டி அதில் செல்வியைப் போட்டாள். ரஞ்சிதம் முள்ளைப் பார்த்துவிட்டு அவள் காதோடு எடையைச் சொன்னார். மற்ற பெண்கள் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கொஞ்ச நேரத்தில் அவர்களும் பிள்ளைகளோடு வரிசையில் வந்து நின்றார்கள். அன்றிலிருந்து அந்த ஊரில் அதுவே வழக்கமாகிவிட்டது. மாதம் ஒரு முறை எடை, தாய் காதில் மட்டும் கணக்கு, அட்டையில் ரஞ்சிதத்தின் பேனாப் புள்ளி. அந்த வழக்கத்தை உண்டாக்கியது தூளி கட்டும்போது வீராயி சொன்னதுதான்.

"கொக்கியக் கழுவிட்டேன் சார். போட்டுப் பாருங்க. எம்புட்டுன்னு எங்காதுல மட்டும் சொல்லுங்க."

மைக் செட்

இதை எழுதக் கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் எழுதித்தான் ஆக வேண்டும்.

மதுரையிலிருந்து பெரிய மனிதர்கள் சிலர் திட்டத்தைப் பார்க்க வருகிறார்கள் என்று ஆரோக்கியக் குழந்தைப் போட்டி வைத்தோம். பந்தல், மைக் செட், பரிசுக்கு பிளாஸ்டிக் வாளி. மைக் என் கையில். கடைசியில் இருப்பவர்களையும் சபையில் சொன்னால் ரோஷம் வந்து கவனிப்பார்கள் என்று ஏதோ ஒரு பயிற்சி வகுப்பில் கேட்டிருந்தேன். எடையைச் சொல்லாதீர்கள், முதல் மூன்று பெயரோடு விடுங்கள் என்று ரஞ்சிதம் இரண்டு முறை வந்து சொன்னார். வெள்ளைச் சட்டைக்காரர்கள் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும்போது நர்ஸ் சொல்வது காதில் ஏறுமா? முதலிலிருந்து கடைசிவரை எடையோடு படித்தேன். புளியமரத்தில் கட்டிய குழாய் ஸ்பீக்கர் அதைக் காடு கழனிவரைக்கும் கொண்டுபோனது. கடைசிப் பெயர் செல்வி. மூன்றே கால் வயதில் எட்டே முக்கால் கிலோ. வீராயி இன்னும் கொஞ்சம் அக்கறை எடுத்துக்கொள்ள வேண்டும் என்று நானாக ஒரு வரியும் சேர்த்தேன்.

அந்த ஊரில் அவளைவிட அக்கறை எடுத்தவள் யாரும் இல்லை. அது எனக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னேன். அவள் செல்வியை இடுப்பில் தூக்கி முந்தானையால் மூடிக்கொண்டு கூட்டத்துக்கு நடுவே எழுந்து போனாள். ஜீப்பில் மதுரைக்குத் திரும்பினோம். திருமங்கலம் தாண்டியதும் டிரைவர் பாண்டி ரோட்டைப் பார்த்தபடியே கேட்டார்.

"ஒங்க வீட்டுப் பிள்ளை மார்க்கயும் இப்படித்தான் குழா கட்டிப் படிப்பீகளாண்ணே?"

வேப்பிலை

அதற்குப் பிறகு வீராயி எடை போட வரவில்லை. நான்கைந்து பேர் அவளோடு நின்றுவிட்டார்கள். வருவாள் என்று நான் காத்திருந்தேன். தேடிப் போய் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஆபீஸில் இருந்து போகிற சார் மன்னிப்புக் கேட்பதா என்ற வீம்பும் கொஞ்சம் இருந்தது.

பங்குனியில் ஊரில் மணல்வாரி அம்மை கண்டது. அம்மை கண்ட வீட்டு வாசலில் வேப்பிலை தொங்கும், வெளியாள் உள்ளே போகக்கூடாது, மருந்து கொடுக்கக்கூடாது. மெலிந்த பிள்ளைக்கு அம்மை வந்தால் கண்ணைப் பறித்துவிடும் என்று ரஞ்சிதம் பதறினார். கண்ணுக்கான சத்து மருந்தை எடுத்துக்கொண்டு வாசல் வாசலாகப் போனார். நடைக்கு வெளியே நின்று, இது மருந்து இல்லை தாயி, கண்ணுக்குச் சத்து என்று மெதுவாகப் பேசினார். காதோடு எடை கேட்டுப் பழகிய பெண்கள் ஒவ்வொருவராகப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நடைக்கு வந்தார்கள். வீராயி வீட்டுக் கதவு மட்டும் திறக்கவில்லை. ரஞ்சிதம் கூப்பிட்டார், நான் கூப்பிட்டேன். உள்ளே செல்வி சிணுங்குவது கேட்டது. நாலு மணிக்கு ஆபீஸில் மீட்டிங் இருந்தது. நாளைக்கு வந்து பார்க்கலாம் என்று ரஞ்சிதத்தை இழுத்துக்கொண்டு கிளம்பினேன். மறுநாள் ஜீப்புக்கு வேறு ஊர் விழுந்தது.

அம்மை இறங்கித் தலைக்குத் தண்ணீர் ஊற்றிய மறுநாள், பிள்ளை கண்ணைத் திறக்கமாட்டேன் என்கிறாள் என்று வீராயி பேரையூர் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தே வந்துவிட்டாள். பாண்டி அவளைப் பார்த்து ஏற்றிக்கொண்டு மதுரைக்கு வந்தார். கண் ஆஸ்பத்திரியில் நான் போய்ச் சேர்ந்தபோது டாக்டர் பார்த்து முடித்திருந்தார். வலது கண் தப்பியது. இடது கண்ணின் கருவிழி கரைந்துபோயிருந்தது. பத்து நாள் முன்னால் ஒரு ஸ்பூன் உள்ளே போயிருந்தால் இரண்டும் இருந்திருக்கும் என்றார். வராந்தாவில் வீராயி பக்கத்தில் உட்கார்ந்தேன். ஏன் கதவைத் திறக்கவில்லை என்று கேட்க எனக்கு யோக்கியதை இல்லை. ஆனாலும் கேட்டேன். அவள் கோபப்படவே இல்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

"நீங்க கூப்பிட்டது கேட்டுச்சு சார். இன்னும் எளைச்சுருச்சேன்னு ஊரு கேக்கச் சொல்லிருவீகளோன்னு பயந்துக்கிட்டு உக்காந்துட்டேன்."

கடைசி எடை

மூன்று வருஷம் கழித்து அந்த ஊரில் எங்கள் திட்டத்தை முடித்துக்கொண்டார்கள். சாமான்களை எடுத்துவரவும், பள்ளிக்கூடப் பிள்ளைகளைக் கடைசியாக ஒருமுறை எடை போட்டு அறிக்கைக்கு எழுதவும் என்னை அனுப்பினார்கள். ரஞ்சிதம் அதற்கு முன்பே வேறு வேலைக்குப் போய்விட்டார். செல்வி ஒன்றாம் வகுப்பில் இருந்தாள். வலது கண்ணுக்குக் கரும்பலகை நேராகத் தெரியட்டும் என்று டீச்சர் அவளை முதல் வரிசையில் இடது ஓரமாக உட்காரவைத்திருந்தார். அந்த டீச்சரை நாங்கள் எந்தப் பயிற்சிக்கும் அனுப்பியதில்லை.

வராந்தா உத்திரத்தில் தராசைக் கட்டினேன். பிள்ளைகள் கைப்பிடியைப் பிடித்துத் தொங்க வேண்டும், நான் முள்ளைப் பார்த்து நோட்டில் எழுத வேண்டும். செல்வி முறை வந்தபோது வீராயி களைக்கொத்தும் கையுமாகக் காட்டிலிருந்து நேராக வந்துவிட்டாள். மகளைத் தடுக்கப்போகிறாள் என்றுதான் நினைத்தேன். அவள் களைக்கொத்தைச் சுவரில் சாத்திவிட்டு, தொட்டித் தண்ணீரில் கையை நனைத்து, கொக்கியை ஒருமுறை துடைத்துவிட்டாள். செல்வி தொங்கிக்கொண்டே சிரித்தாள். முள் ஆடி நின்றது. வெகு நாளாகச் சேர்த்துவைத்திருந்த மன்னிப்பை அன்றைக்காவது கேட்டுவிட வேண்டும் என்று வாயெடுத்தேன். வீராயி அதற்குள் கிட்டே வந்து, தலையைச் சாய்த்துக் காதைக் காட்டினாள்.

"எம்புட்டு இருக்கா? எங்காதுல மட்டும் சொல்லுங்க சார்."

குனிந்து சொன்னேன்; அத்தனை வருஷ முன்னேற்ற வேலையில் அந்த ஊர் கேட்டபடி நான் செய்த காரியம் அது ஒன்றுதான், அதை எழுத அறிக்கையில் கட்டம் இல்லை.