ஆற்றைப் பார்த்துக் கட்டிய சாக்கு

எங்கள் வீட்டு இணையம் வேப்பமரத்தில் தொங்குகிறது. காலையில் ஏற்றுவோம், பொழுது சாய்ந்ததும் இறக்குவோம். கோயில் கொடியேற்றம் போலத்தான், மேளம் மட்டும் கிடையாது.

நான் பிறந்தது குரும்பலூர். அங்கே குளியலறைக்குள் நின்றால்கூட போனில் நாலு கோடு காட்டும். வாழ்க்கைப்பட்டது திருமழபாடிக்குப் பக்கத்தில், கொள்ளிடத்தை ஒட்டிய ஒரு சிற்றூர். பெண் கேட்டு வந்தபோது நிலம் எவ்வளவு, மாப்பிள்ளைக்கு சிமென்ட் ஆலையில் வேலை நிரந்தரமா, குடிப்பழக்கம் உண்டா என்று என் வீட்டார் துருவித் துருவி விசாரித்தார்கள். வீட்டுக்குள் சிக்னல் வருமா என்று கேட்க ஒருத்தருக்கும் தோன்றவில்லை. எனக்கும்தான்.

கல்யாணமாகி மூன்று வருடம் நான் சென்னையில் லேடீஸ் ஹாஸ்டலில் இருந்தேன். அவர் இங்கே அரியலூர் ஆலையில் ஷிஃப்ட் பார்த்தார். மாதத்துக்கு இரண்டு ஞாயிறு பார்த்துக்கொள்வோம், அதிலும் ஒன்றில் அவருக்கு ஷிஃப்ட் விழுந்துவிடும். பஸ்ஸில் வந்து இறங்கி, சாப்பிட்டு, துணி துவைத்து, ஒரு சண்டையை ஆரம்பிக்கும்போது திரும்பிப் போக நேரமாகிவிடும். மூன்று வருடத்தில் ஒரு சண்டையைக்கூட நாங்கள் முழுசாகப் போட்டு முடித்ததில்லை. அந்தக் குறை எனக்கு நிஜமாகவே இருந்தது.

அதனால் வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம் என்று ஆபீசில் சொன்னதும் முதல் ஆளாக எழுதிக் கொடுத்தேன். ஒரே ஒரு நிபந்தனை வைத்தார்கள். வீட்டுக்குக் கம்பி வழியாக வரும் இணைய இணைப்பு இருக்க வேண்டும். படிவத்தில் ‘உண்டு’ என்ற கட்டத்தில் டிக் போட்டேன். கம்பி எங்கள் ஊர் மெயின் ரோடு வரைக்கும் வந்து நின்றிருந்தது. அடுத்த மாதம் உள்ளே வந்துவிடும் என்றார்கள். இன்றைக்கும் அப்படித்தான் சொல்கிறார்கள்.

இதில் பெரிய கூத்து என் வேலைதான். ஒரு இணைய நிறுவனத்தின் புகார்ப் பிரிவில் இருக்கிறேன். நெட் மெதுவாக வருகிறது என்று மாநிலம் முழுக்க ஆட்கள் கூப்பிட்டுத் திட்டுவார்கள். பெட்டியை ஒருமுறை அணைத்துப் போடுங்கள் சார், சுவருக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள் சார், கொஞ்சம் உயரமான இடத்தில் வையுங்கள் சார் என்று நான் பதில் சொல்வேன். அந்தக் கடைசி யோசனையை எங்கள் வீட்டில் எந்த அளவுக்குக் கடைப்பிடித்தோம் என்பது அவர்களுக்குத் தெரியாது.

எங்கள் ஊருக்கு சிக்னல் கொள்ளிடத்துக்கு அக்கரையிலிருந்து வருகிறது. அதாவது பக்கத்து மாவட்டத்துக்கு என்று வைத்த டவரிலிருந்து நாங்கள் எட்டிப் பிடித்துக்கொள்கிறோம். நான் வந்த முதல் ஞாயிறு முழுவதும் என் கணவர் பழைய போன் ஒன்றைக் கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு வீட்டைச் சுற்றி நடந்தார். சமையலறையில் ஒன்றுமில்லை. மாடிப்படியில் ஒரு கோடு வந்து வந்து போனது. மாட்டுக்கொட்டகைக்கு முன்னால் நிற்கும் வேப்பமரத்தில் ஏணி வைத்து ஏறியபோது மூன்று கோடு நின்றது. அவர் மேலேயிருந்து கீழே பார்த்துச் சிரித்த சிரிப்பை என் கல்யாணப் போட்டோவில்கூட நான் பார்த்ததில்லை.

அதன்பிறகு அந்த போனுக்கு மரத்தில்தான் குடித்தனம். பழைய கிணற்று ராட்டினத்தைக் கிளையில் கட்டி, கயிறு போட்டோம். கொடியில் துணி ஏற்றுவதுபோல இழுத்தால் போன் மேலே போகும், ஹாட்ஸ்பாட் என் ஜன்னலுக்கு வந்துவிடும். மஞ்சப்பையில் வைத்தால் மழை நனைத்தது. உரச்சாக்கை வெட்டிச் சின்ன மூட்டை தைத்தோம். வெயில் தாக்காமல் இருக்க மாமனார் உள்ளே வைக்கோல் வைத்தார். காற்றில் ஆடினால் சிக்னல் விட்டுவிட்டு வந்தது, அதனால் அடியில் அரைச் செங்கல் போட்டோம். போனின் முகம் ஆற்றைப் பார்க்க வேண்டும் என்பது மட்டும் என் கட்டளை. அதில் ஏதாவது பலன் உண்டா என்று யாரும் கேட்கவில்லை, கேட்டிருந்தால் எனக்குக் கோபம் வந்திருக்கும்.

மாமனார் முதலில் முகம் சுளித்தார். பிறகு அந்த இலாகாவுக்கே அதிகாரி ஆகிவிட்டார். ஒரு நாளைக்கு இவ்வளவுதான் டேட்டா, தீர்ந்தால் தீர்ந்ததுதான் என்று அவருக்குப் புரிந்ததும், வாய்க்காலில் முறைத் தண்ணீர் விடும் கணக்குக்கு வந்துவிட்டார். காலை ஒன்பதிலிருந்து ஆறு வரை என் முறை. அந்த நேரத்தில் மாமியார் தன் போனில் சீரியல் பார்த்தால் மடையைத் திருட்டுத்தனமாகத் திறந்துவிட்டதுபோல அவருக்குக் கோபம் வரும். அடுப்படிக்கே போய், அவளுக்கு இன்னும் மொற முடியல, வையி அதை என்பார். மாமியார் அதற்கு என்னைத்தான் முறைப்பார்.

இவ்வளவு இருந்தும் லைன் அவ்வப்போது அறுந்தது. காக்கை வந்து உட்கார்ந்தால் அறுந்தது. ஒரு முறை வாடிக்கையாளர் ஒருவர், மாடு கத்துகிற சத்தம் கேட்கிறதே என்றார். லைனில் கோளாறு சார் என்று சொல்லி முடிப்பதற்குள் நிஜமாகவே லைன் போய்விட்டது. ஆறு மாதத்தில் இரண்டு எச்சரிக்கை வந்தது. மூன்றாவது வந்தால் மறுபடியும் சென்னை, மறுபடியும் ஹாஸ்டல். அதற்கு முன்னால் ஒரு திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு மேலாளர் வீடியோவில் வந்து என் இணைப்பைத் தானே பார்ப்பதாக மெயில் வந்தது. அவர் எங்களிடம் இங்கிலீஷைத் தவிர வேறு எதுவும் பேசியதில்லை. சிரித்தும் நான் பார்த்ததில்லை.

அந்தத் திங்கட்கிழமையைப் பார்த்து எங்கள் செவலைப் பசு விடியற்காலையில் கன்று போட்டது.

கிடாரிக் கன்று. மாமனாருக்குத் தலைகால் புரியவில்லை. எட்டு மணி சுமாருக்கு நஞ்சுக்கொடி விழுந்தது. எங்கள் பக்கத்தில் அதை நாய் இழுக்க விடமாட்டார்கள். வைக்கோல் வைத்துச் சாக்கில் கட்டி, பால் வடிகிற மரத்தில் தொங்கவிடுவார்கள். அப்படிச் செய்தால் பசுவுக்குப் பால் நிறையச் சுரக்கும் என்பது நம்பிக்கை. எங்கள் ஊருக்கு ஏரிக்கரை ஆலமரம். மாமனார் வைக்கோல் வைத்து, போன் மூட்டைக்கு வெட்டியது போக மீதியிருந்த அதே உரச்சாக்கில் கொடியைக் கட்டி, கொட்டகைத் தூணில் மாட்டினார். பக்கத்து ஆணியில் நான் போன் மூட்டையை மாட்டியிருந்தேன். ஒரே சாக்கு, ஒரே வைக்கோல், ஏறக்குறைய ஒரே கனம்.

என் கணவர் இரவு ஷிஃப்ட் முடித்து அப்போதுதான் வந்தார், கண் பாதி மூடியிருந்தது. மாமனார் பசுவை விட்டு நகர மாட்டேன் என்றார். நான் தலை வாரிக்கொண்டிருந்தேன். ஆக இரண்டு மூட்டையையும் என் கணவரிடமே ஒப்படைத்தோம். ஒன்றை வேப்பமரத்தில் ஏற்ற வேண்டும், இன்னொன்றை ஆலமரத்தில் கட்ட வேண்டும். அவர் இரண்டையும் செய்து முடித்துவிட்டு வந்து படுத்தார். ஒரு வார்த்தை முணுமுணுக்கவில்லை. எவ்வளவு தங்கமான மனுஷன் என்று நானும் நினைத்துக்கொண்டேன்.

ஒன்பதே முக்காலுக்கு லேப்டாப்பைத் திறந்தேன். ஹாட்ஸ்பாட் பெயரையே காணோம். ஜன்னல் வழியாகப் பார்த்தேன், மூட்டை மேலே ஜம்மென்று தொங்கியது. மரத்தடியில் நான்கு நாய்கள் அண்ணாந்து பார்த்தபடி உட்கார்ந்திருந்தன. கிளை முழுக்கக் காக்கை. நெட்டுக்காக இவ்வளவு பேர் காத்திருந்து நான் பார்த்ததில்லை. அப்போதும் எனக்குப் புரியவில்லை. ஓடிப்போய்க் கயிற்றை இழுத்து, மூட்டையை இறக்கி, போனை எடுக்க உள்ளே கையை விட்டேன்.

அதைப் பற்றி இதற்கு மேல் எழுத மாட்டேன். மூன்று முறை சோப்புப் போட்டேன் என்பது மட்டும் போதும்.

மூட்டை மாறிப்போன விஷயம் மாமனாருக்குப் புரிந்ததும் முகம் வெளுத்துவிட்டது. என் வேலைக்காக என்றுதான் நினைத்தேன். அவர் கவலை வேறு. வேப்பமரத்தில் எங்கே பால் வடியப் போகிறது? பசுவின் கதி என்ன? பத்து மணிக்கு நான் வீடியோவில் வரவில்லை என்றால் என் கதி என்ன என்று கத்தினேன். கத்தும்போதே அழுகை வந்துவிட்டது. ஹாஸ்டல் அறையின் ட்யூப்லைட் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது. மாமனார் மூட்டையைத் தூக்கி மொபெட்டின் முன்னால் வைத்தார்.

“கண்ணத் தொடச்சுக்கம்மா. பொட்டிய எடுத்துக்கிட்டு ஏறு. ரெண்டு வேலையும் ஒரே எடத்துலதான் இருக்கு.”

முன்னால் நஞ்சுக்கொடி, நடுவில் மாமனார், பின்னால் லேப்டாப்பை மார்போடு அணைத்துக்கொண்டு நான். எங்களுக்குப் பின்னால் அந்த நான்கு நாய்கள். ஊர் இதைப் பார்த்தது. இதுவரை ஒருவரும் என்னிடம் அதுபற்றிக் கேட்கவில்லை என்பதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

ஆலமரத்தில் இருபது முப்பது மூட்டைகள் தொங்கின. பழசு, புதுசு, கிழிந்தது, காய்ந்தது என்று எல்லாமே உரச்சாக்கு. எது எங்களுடையது என்று தெரியவில்லை, தேடவும் நேரமில்லை. வேரில் உட்கார்ந்து லேப்டாப்பைத் திறந்தேன். திறந்த வேகத்தில் கனெக்ட் ஆகிவிட்டது. மேடான கரை, எதிரே ஆறு வரைக்கும் வெட்டவெளி. வேப்பமரத்தில் மூன்று கோட்டைத் தாண்டாத போன், தலைக்கு மேல் எங்கேயோ நிம்மதியாகத் தொங்கிக்கொண்டு அப்படி ஒரு நெட்டைக் கொட்டியது. பின்னணியை மங்கலாக்கும் வசதியைப் போட்டுவிட்டு, புடவைத் தலைப்பால் மூக்கைத் துடைப்பதுபோல மூடிக்கொண்டேன். மணி பத்து.

மேலாளர் வந்தார். இன்றைக்குப் படம் ரொம்பத் தெளிவாக இருக்கிறதே என்று இங்கிலீஷில் சொன்னார். நன்றி சொன்னேன். இணைப்புப் பெட்டியைக் கொஞ்சம் காட்டுங்கள் என்றார். இதற்காகவே ஒரு செத்த பெட்டியை வாங்கி வைத்திருந்தேன். அது வீட்டு மேஜையில் இருந்தது. என்ன சொல்வது என்று நான் விழித்துக்கொண்டிருந்த நேரத்தில், மங்கலாக இருந்த பின்னணிக்குள்ளிருந்து மாமனார் தெளிவாக வெளியே வந்தார். மடித்துக் கட்டிய வேட்டியோடு, மூட்டையைக் கயிற்றில் கட்டி, கிளைக்கு மேலே வீசிக்கொண்டிருந்தார். இரண்டு முறை தவறி, மூன்றாவது முறை மாட்டியது.

சரி, எல்லாம் முடிந்தது என்று எனக்குத் தோன்றியது. முடிந்ததுதானே என்று லேப்டாப்பை அப்படியே மேலே திருப்பி, தொங்கும் அத்தனை மூட்டைகளையும் காட்டினேன்.

“இதுல ஒண்ணுதான் சார். எதுன்னு எனக்கே தெரியல.”

பிறகு கட்டத்தில் போட்ட பொய் டிக்கிலிருந்து வேப்பமரம், ராட்டினம், செங்கல் வரை எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். மறுபடியும் ஹாஸ்டலுக்குப் போக எனக்கு மனசில்லை சார், என் வீட்டில் இருக்க வேண்டும் என்பதையும் சொன்னேன். அதை இங்கிலீஷில் சொல்ல வரவில்லை, தமிழில்தான் சொன்னேன். லைன் அறுந்துவிட்டதோ என்று பார்த்தேன். கோடு முழுசாக இருந்தது.

“கன்னு கெடாரியா, காளையாம்மா?” என்றார் மேலாளர்.

பின்னாலிருந்து மாமனார்தான் பதில் சொன்னார்.

“கெடாரிங்க.”

மேலாளர் சிரித்தார். அவர் எந்த ஊர் என்று நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. சீம்பாலை யாருக்கும் கொடுத்துத் தீர்த்துவிட வேண்டாம், கன்றுக்கு முதலில் வயிறு நிறையட்டும் என்று மாமனாருக்குச் சொல்லச் சொன்னார். அதற்குப் பிறகு மறுபடியும் இங்கிலீஷுக்குப் போய்விட்டார். இணைப்பு நன்றாக இருந்ததாக எழுதுகிறேன், கம்பி வந்ததும் ஒரு போட்டோ அனுப்புங்கள் என்று சொல்லித் துண்டித்தார். மூன்றாவது எச்சரிக்கை வரவில்லை.

போன் மூட்டையைக் கண்டுபிடித்து இறக்க அரை மணி நேரம் ஆனது. என் போனிலிருந்து அதைக் கூப்பிட்டு, எந்தச் சாக்கு அதிருகிறது என்று மாமனாரும் நானும் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றோம். ஏரிக்கரை வழியாகப் போனவர்கள் கும்பிட்டுவிட்டுப் போனார்கள்.

வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் என் கணவரிடம் சொல்ல வேண்டியதை மனசுக்குள் கோத்துக்கொண்டே வந்தேன். மூன்று வருடமாக முடிக்காமல் விட்ட சண்டைகள் எல்லாம் சேர்ந்து நாக்கு நுனியில் நின்றன. போய்ப் பார்த்தால் கட்டிலில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். கால் முழுக்க ஏரிக்கரைச் சேறு காய்ந்திருந்தது, போர்வை பாழ். நான் நிற்கிறேன் என்று எப்படித் தெரிந்ததோ, கண்ணைப் பாதி திறந்தார்.

“சிக்னல் நல்லா இருந்துச்சா? ஆத்தப் பாத்துதான் கட்டுனேன்.”

திங்கட்கிழமை மத்தியானம் அவர் கட்டிலில் படுத்திருக்கிறார், நான் அதே வீட்டில் பக்கத்தில் நிற்கிறேன் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. சண்டையை நாளைக்குப் போட்டாலும் ஆயிற்று, நாளைக்கும் இங்கேதான் இருப்பேன்.

“நல்லா இருந்துச்சு, தூங்குங்க” என்று சொல்லிவிட்டு, காலில் இருந்த சேற்றைத் துடைக்க ஈரத்துணி எடுத்து வந்தேன்.