காட்பாடி ஸ்டேஷன் வாசலில் மூன்றரை மணி நேரம்

திருவண்ணாமலைக்குப் போகும்போதெல்லாம் காட்பாடியில்தான் ரயில் மாறுவேன். பதினோரு வருடத்தில் ஒருமுறைகூட ஸ்டேஷனுக்கு வெளியே வந்ததில்லை. சென்னை, பெங்களூரு, திருப்பதி, விழுப்புரம் என நாலு பக்கமும் தண்டவாளம் பிரியும் இடத்தில் ஓர் ஊர் எப்படி வளர்ந்தது என்று பார்க்க, போன சனிக்கிழமை அங்கேயே இறங்கிவிட்டேன். சென்னையில் 7.10க்கு ஏறி 9.20க்கு வந்து சேர்ந்தேன். சுமார் 130 கிலோமீட்டர்.

வாசலில் மேரி என்ற பெண்ணின் ஆட்டோவை, ஊர் சுற்றிக்காட்ட 500 ரூபாய்க்குப் பேசினேன். ஏறி உட்கார்வதற்குள் ஒரு பெண் அழுதபடி ஓடி வந்தார். கொல்கத்தாவிலிருந்து வந்த ஷிப்ரா. பின்னால் அவர் கணவர் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஸ்கேன் எல்லாம் இருந்த ஃபைலை ரயிலிலேயே விட்டுவிட்டார்கள். அதைப் பார்த்துத்தான் ஆபரேஷன் உண்டா இல்லையா என்று டாக்டர் சொல்வாராம். வேலூர் ஆஸ்பத்திரியில் இரண்டு மணிக்கு வரச் சொல்லியிருந்தார்கள். பெங்களூரு போகும் அந்த ரயில் அப்போதுதான் கிளம்பியிருந்தது.

மேரி இந்தியிலும் வங்காளத்திலும் மாற்றி மாற்றி, எந்தப் பெட்டி, எந்த சீட் என்று கேட்டார். உடனே போனை எடுத்தார்.

"நாசர் அண்ணே, ஜோலார்பேட்டையிலதான கீற? பெங்களூரு வண்டி வருது, எஸ் நாலு, சீட்டு இருபத்திரெண்டு. அடியில பச்சைப் பை. வுட்றாதண்ணே, ஆஸ்பத்திரி கேசு."

நாசர் ரயிலில் டீ விற்பவராம். "ரயில் அங்க போவ ஒரு மணி நேரத்துக்கு மேல ஆவும்" என்று மேரி கணவன் மனைவி இருவரையும் டீக்கடை பெஞ்சில் உட்காரவைத்தார். நானும் உட்கார்ந்தேன். பேச்சு ஓடட்டும் என்று ஊரைப் பற்றிக் கேட்டேன்.

"மொதல்ல இங்க இன்னா சார் இருந்துச்சு, வயக்காடுதான். லைன் பிரிஞ்சதும் இஞ்சின் பாக்கறவங்க, கொடி காட்றவங்க தங்கணுமே. அவங்களுக்கு சோறாக்க ஒருத்தர், துணி வெளுக்க ஒருத்தர்னு வந்தாங்க. எங்க தாத்தா குடியாத்தம் பக்கத்துலருந்து ஜல்லி கொட்ட வந்தாரு. வேலை முடிஞ்சிச்சு, அவரு திரும்பிப் போவல. இப்போ காலேஜ் பசங்க, ஆஸ்பத்திரிக்காரங்க. ஜனம் ஜாஸ்தியாயிட்டே போவுது."

ஷிப்ராவுக்கு ஒரு வார்த்தையும் காதில் விழவில்லை. மேரியின் போனையே பார்த்துக்கொண்டிருந்தார். 11.15க்கு அது அடித்தது. மேரி கேட்டுவிட்டு, "மில் கயா!", கிடைத்துவிட்டது என்று இந்தியில் கத்தினார். ஷிப்ரா அவர் தோளில் முகம் புதைத்துக்கொண்டார்.

அடுத்த ரயிலில் நாசரே வந்தார். 12.55க்குப் பையைக் கொடுத்துவிட்டு, "கூட்டம் கம்மி, அதான் தப்பிச்சிது" என்றார். அந்த ஆட்டோ எனக்கில்லை என்று தெரிந்தது. கணவன் மனைவி இருவரையும் ஏற்றிக்கொண்டு மேரி ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினார். அங்கிருந்து ஏழு கிலோமீட்டர்.

காட்பாடியில் இறங்குபவர்களுக்கு: ரிப்போர்ட்டுகளைச் சீட்டுக்கு அடியில் வைக்காதீர்கள், மடியில் வைத்துக்கொள்ளுங்கள். போனில் படம் எடுத்தும் வையுங்கள். ஊர் பார்க்க அரை நாளாவது ஒதுக்குங்கள்.

சாயங்காலம், நான் கொடுத்திருந்த நம்பருக்கு மேரி போன் செய்தார். ஆபரேஷன் செய்யலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். மூன்று மாதம் தங்க வேண்டுமாம்.

"எங்க தெருவுலயே ரூம் பாத்துட்டேன் சார். அந்தக் கொல்கத்தா அம்மா இப்பவே வாசல் தெளிச்சினு கீறாங்க."