வீரையா கட்டிக்கொள்ளாத கயிறு

வீரையாவுக்குக் கடவுள் கிடையாது, ஆத்மா கிடையாது. சாராயம் மட்டும் உண்டு. காரைக்குடியில் எங்கள் பஸ் கம்பெனிப் பட்டறையில் என்னோடு மெக்கானிக்காக இருந்தான். கறுப்புச் சட்டைக்காரன். மனுஷன் செத்தால் நின்றுபோன எஞ்சின்தான், உள்ளேயிருந்து எதுவும் பறந்து போகாது என்பான். எழுபத்தொன்றில் சாராயக் கடைகளைத் திறந்தார்கள். அதற்கப்புறம் சாயங்காலமானால் அவன் கால் தானாக அங்கே போனது. குடித்துவிட்டால் தெருவே கேட்கும்படி பெண்டாட்டியின் வம்சத்தை இழுத்து ஏசுவான். காலையில் அவள் முகத்தில் முழிக்க வெட்கப்பட்டுக்கொண்டு பட்டறைக்கு ஓடி வந்துவிடுவான்.

"விட்டுத் தொலையேன்" என்பேன். "நாளையிலேர்ந்து" என்பான். அந்த நாளை வரவே இல்லை.

எங்கள் பக்கத்தில் இதற்கு ஒரு வழி உண்டு. கருப்பர் கோயிலில் போய்ச் சத்தியம் செய்தால் பூசாரி கையில் கறுப்புக் கயிறு கட்டிவிடுவார். கயிறோடு குடித்தால் ரத்தம் கக்கிச் சாவான் என்பது ஊர்ப்பேச்சு. மொடாக்குடியன்கள் பலர் அதற்குப் பயந்து திருந்தியிருக்கிறார்கள். வீரையாவின் மனைவி அழகி எவ்வளவோ கெஞ்சினாள். "இல்லாத சாமிகிட்ட என்னத்தச் சத்தியம் பண்ண?" என்று தட்டிவிட்டான்.

ஒருநாள் காலை போதை தெளிந்து எழுந்தால் வலது கையில் கயிறு கிடக்கிறது. தலைமாட்டில் அழகி.

"கருப்பர்கிட்ட வாங்கியாந்து கட்டிருக்கேன். அறுக்கணும்னா அறுத்துக்கங்க. அன்னைக்கே மகளைக் கூட்டிக்கிட்டு சிங்கம்புணரிக்கு எங்கப்பா வீட்டுக்குப் போயிருவேன்."

அவன் அறுக்கவில்லை. குடிக்கவும் இல்லை. ஆனாலும் அழகிக்கு நம்பிக்கை வரவில்லை. தினமும் வேலை முடிந்து வந்ததும் வாசலிலேயே நிறுத்தி, "ஊதுங்க" என்பாள். ஊதிவிட்டுத்தான் உள்ளே போகலாம்.

கறுப்புச் சட்டையையே கருப்பர் அடக்கிவிட்டார் என்று ஊர் சிரித்தது. நானும் சிரித்தேன், பிறகு என்ன? பட்டறைக்கு எதிரில் டீக்கடை வைத்திருந்த மீரான் சாகிபு மட்டும் சிரிக்காமல் கேட்டார்.

"ரூஹுங்கிற ஆத்மாவும் இல்ல, ரப்புங்கிற ஆண்டவனும் இல்லங்கிறீக. உடம்பு வெறும் எஞ்சின்ங்கிறீக. அப்பக் குடின்னு சொல்றதும் எஞ்சின், வேணாம்னு சொல்றதும் எஞ்சின். நடுவுல தீர்ப்புச் சொல்றது யாரு, வீரையா?"

வீரையா டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனான்.

அதிலிருந்து அவனுக்கு இருப்புக்கொள்ளவில்லை. வண்டிக்கு அடியில் படுத்திருப்பவன் திடீரென்று தலையை நீட்டுவான். "நாகநாதா, நான்தானே விட்டேன்?"

"ஆமா."

"அழகி போயிருவாங்கிற பயத்துல விட்டா, அது நான் விட்டதா?"

"பயந்தது யாரு, பக்கத்து வீட்டுக்காரனா? ஸ்பேனரை எடு."

எடுப்பான். தப்பான ஸ்பேனராக இருக்கும்.

எழுபத்துநாலில் கடைகளை மூடினார்கள். குடிகாரர்கள் ஒப்பாரி வைத்தார்கள். குடியை விட்டவர்களில் ஒப்பாரி வைத்தவன் இவன் ஒருவன்தான். "தினம் கடையைத் தாண்டி நடந்தேன்டா. அது ஒண்ணுதான் என் கையில இருந்துச்சு. இப்ப அதையும் கவர்மென்ட்டு கணக்குல எழுதிருவானுக." கண்மாய்க்கரையில் கள்ளச்சாராயம் ஓடுவது அவனுக்கும் தெரியும்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் தகரம் வெட்டும் கத்தரியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பினான். நானும் கூடவே போனேன். அழகியை வாசலுக்கு அழைத்து, அவள் கண்ணெதிரே கயிற்றை வெட்டினான்.

"நீ போறதுன்னாப் போ. கயிறும் இல்லாம, நீயும் இல்லாம நான் குடிக்காம இருப்பனா? அது எனக்குத் தெரிஞ்சாகணும்."

அழகி போகவில்லை. கீழே கிடந்த கயிற்றைக் கையில் எடுத்தாள்.

"இது கருப்பர் கயிறே இல்ல. குடிக்கிற ஆளே வந்து சத்தியம் பண்ணாத்தான் கட்டுவேன்னு பூசாரி என்னையத் திருப்பி அனுப்பிட்டாரு. வர்ற வழியில கடையில வாங்கிக் கட்டுனேன். சாமி பேரைச் சொல்லிப் பொய் சொன்னேனே, மகளுக்கு என்ன ஆகுமோன்னு தினம் செத்துக்கிட்டு இருக்கேன்."

வீரையா சிரித்தான். அப்படி ஒரு சிரிப்பை அவனிடம் நான் பார்த்ததில்லை. "கேட்டியா நாகநாதா? வெறும் நூலு. கருப்பரும் இல்ல, ஒருத்தரும் இல்ல. நானே விட்டிருக்கேன்."

எனக்குப் பொறுக்கவில்லை. "அது கருப்பர் கயிறுன்னு நெனச்சுத்தானப்பா நீ இருந்தே?"

சிரிப்பு நின்றுவிட்டது. அழகி கையிலிருந்த நூலைப் பார்த்தான்.

"ஆமா" என்றான் மெதுவாக. "ரத்தம் கக்குறத நெனச்சுக் கடை வாசல்லேர்ந்து திரும்பியிருக்கேன்."

சாமி இல்லை என்று ஊருக்கெல்லாம் சொன்ன வாயால் அதைச் சொல்ல அவனுக்கு எவ்வளவு வலித்திருக்கும்! அவனைப் பார்க்கவே எனக்குப் பாவமாக இருந்தது. கத்தரியைப் போட்டுவிட்டுக் கண்மாய்ப் பக்கம் நடந்தான். நான் பின்னால் போகப் பார்த்தேன். அழகி மறித்தாள்.

"விடுங்கண்ணே. இத்தனை நாளு நான் பிடிச்சு வச்சிருந்தேன். இன்னைக்காவது அவுகளா வரட்டும்."

சொன்னாளே தவிர, வாசலுக்கும் அடுப்புக்குமாக நடந்துகொண்டே இருந்தாள். உலை கொதித்து வழிந்ததுகூட அவளுக்குத் தெரியவில்லை.

வெயில் சாயும்போது வந்தான். காலெல்லாம் கண்மாய்ச் சேறு. பழக்கதோஷத்தில் வாசலில் நின்று, ஊதுவதற்காகக் குனிந்தான். அழகி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"சோறு ஆறுது, உள்ள வாங்க."

"ஊதுறேன், பாரு."

"வேணாம்."

"பெறகு நான் குடிச்சேனா இல்லையான்னு யாருக்குத் தெரியும்?"

"உங்களுக்குத் தெரியும்ல?" என்றாள் அழகி.

வீரையா வெறும் மணிக்கட்டைத் தடவிக்கொண்டே உள்ளே போனான்.