தானாகத் திறந்த வேன்

பூட்டி வைத்த வேன் காலையில் திறந்து கிடக்க ஆரம்பித்தபோது நான் முதலில் சந்தேகப்பட்டது ஓட்டுநரைத்தான்.

என் கணவர் குவைத்தில் வேலை பார்க்கிறார். கோட்டையூரிலிருந்து காரைக்குடிக்கு வேலைக்குப் போகும் பெண்களை ஏற்றி இறக்கும் வேனை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். ஓட்டுபவர் அமராவதிபுதூர்க்காரர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். நான் அவரை அண்ணே என்பேன், அவர் என்னைத் தங்கச்சி என்பார். ஆறு வருடமாகத் தினமும் சாயங்காலம் வண்டியை எங்கள் வாசலில் பூட்டி, சாவியை என் கையில் கொடுத்துவிட்டு பஸ் ஏறிப் போவார்.

முதல் நாள், மறந்திருப்பார் என்று விட்டுவிட்டேன். அதே வாரத்தில் இன்னும் இரண்டு முறை நடந்தது. ஒரு நாள் உள்விளக்கு விடிய விடிய எரிந்து பேட்டரி இறங்கிவிட, பக்கத்து வீட்டுக் காரிலிருந்து ஒயர் போட்டுத்தான் கிளப்ப முடிந்தது.

"நீங்க பூட்டுனீகளாண்ணே?"

"பூட்டிட்டுத்தேன தங்கச்சி சாவியக் குடுத்தேன்."

என் முகத்தை நேராகப் பார்த்துச் சொன்னார். அப்படி நேராகப் பார்த்ததே எனக்கு உறுத்தியது.

அன்றிலிருந்து சாயங்காலமும் காலையும் கிலோமீட்டரை நாள்காட்டியில் குறித்தேன். ஒரு கிலோமீட்டர்கூட ஏறவில்லை. வேறு யாராக இருந்தாலும் நிம்மதியாகியிருப்பார்கள். நானோ, வண்டியை ஓட்டாமல் உள்ளே யாரையோ படுக்க வைக்கிறார் என்று நினைத்தேன். கள்ளச்சாவி போட்டிருக்க வேண்டும். சீட்டை முகர்ந்து பார்த்தேன். பீடி வாசனை வரவில்லை, மல்லிகைப்பூ வாடைதான் வந்தது. பிறகு, கதவு இடுக்கின் குறுக்கே ஒரு தையல் நூலைச் சோற்றுப் பருக்கை வைத்து ஒட்டினேன். காலையில் நூல் ஒட்டியபடியே இருந்தது, பூட்டு மட்டும் திறந்திருந்தது. நூலைக் கண்டுபிடித்துத் திரும்ப ஒட்டியிருக்கிறார் என்று தோன்றியது. என் புத்தி அந்த அளவுக்குப் போயிருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். சாவி என் பக்கத்தில் இருந்தது. தெருவில் ஒரு ஆள் இல்லை. திடீரென்று 'டக்'கென்று வேனின் பூட்டுகள் திறந்தன. நாலு மூலை விளக்கும் இரண்டு தரம் மின்னி அணைந்தன. கையிலிருந்த கத்தியோடு வெளியே ஓடி, குனிந்து வண்டிக்கு அடியில்கூடப் பார்த்தேன். ஒரு நாய் எழுந்து போனது.

போன் செய்ததும் அண்ணன் வந்தார். வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். "இது ஆள் வேலை இல்ல தங்கச்சி. ஒயரு வேலை."

இவ்வளவு சீக்கிரம் எப்படிச் சொல்கிறார் என்று யோசித்தேன்.

மறுநாள் பெண்களை இறக்கிவிட்ட கையோடு, காரைக்குடியில் ஒரு ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் என்னையும் கூட்டிப்போனார். சவுதியில் பல வருடம் வேலை பார்த்துத் திரும்பியவராம். "வாங்க மாமு, வாங்கக்கா" என்று அவர் எழுந்து வந்ததும், இருவரும் பழக்கம் என்று புரிந்தது. சந்தேகப்பட எனக்கு அது போதும். ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலை இழுத்து வேன் கதவை ஒட்டிப் போட்டு உட்கார்ந்துகொண்டேன்.

ஸ்டீயரிங்குக்கு அடியில் ஸ்கேனரைச் சொருகிப் பார்த்துவிட்டு அவர் சொன்னார்: "பாடி கண்ட்ரோல் மாடியூல்னு ஒரு பொட்டிக்கா. லாக்கு, லைட்டு, ஆரன் எல்லாத்துக்கும் அதுதேன் உத்தரவு குடுக்கும். அது இப்ப ஒளறுது. மாத்தணும்."

"மிஷின் சொன்னாப் போதுமா? எனக்குக் காட்டுங்க."

அவர் கோபப்படவில்லை. பேட்டரியில் மீட்டரை மாட்டி, கதவுகளைச் சாத்தி, கால் மணி நேரம் காத்திருக்கச் சொன்னார். "எல்லாம் தூங்குனப்புறம் கரண்டு கொறஞ்சு இந்த நம்பர் இறங்கணும். இறங்குதா பாருங்க." இறங்கவில்லை. ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். ஒன்றைப் பிடுங்கியதும் நம்பர் சரசரவென்று விழுந்தது. திரும்பச் சொருகினால் ஏறியது. மூன்று முறை செய்யச் சொன்னேன், செய்தார்.

அந்த ஃபியூஸ் அந்தப் பெட்டிக்கானது. ஓட்டுநர் கால் வைக்கும் இடத்துக்கு மேலே, பக்கவாட்டு மூடியைக் கழற்றிக் கறுப்புப் பெட்டியை வெளியே எடுத்தார். கம்பிகள் சேரும் இடமெல்லாம் தண்ணீர் பட்டுப் பச்சையாகக் களிம்பு பிடித்திருந்தது.

"தண்ணி எங்குட்டு இருந்து வந்துச்சு?" என்றேன். முன்கண்ணாடியின் மூலையில் ஒரு மக் தண்ணீரை ஊற்றினார். கொஞ்ச நேரத்தில் பெட்டி இருந்த இடத்தில் சொட்டுச் சொட்டாக இறங்கியது.

"ஐப்பசி மழையிலயே சொன்னேனே தங்கச்சி, கால்மிதி நனையுதுன்னு" என்றார் அண்ணன். குறையாகச் சொல்லவில்லை, ஞாபகப்படுத்தினார். சொன்னது உண்மைதான். வண்டியைப் பட்டறையில் போட்டுவிட்டு ஒரு நாள் லீவு எடுக்கப் பார்க்கிறார் என்று அப்போது நினைத்திருந்தேன்.

மதுரையிலிருந்து புதுப் பெட்டி வர நாலு நாள் ஆனது. அதுவரை தினமும் சாயங்காலம் அண்ணனே பேட்டரி ஒயரைக் கழற்றி வைத்தார். பெட்டி வந்ததும் எலக்ட்ரீஷியன் முதலில் கண்ணாடிக்குப் புதுப் பசை போட வைத்தார். பிறகு பெட்டியை மாட்டி லேப்டாப்பை இணைத்தார்.

"ரெண்டு சாவியும் குடுங்கக்கா. புதுப் பொட்டியோட பழக்கணும். பழக்காத சாவி அப்புறம் வேலைக்காகாது."

"ஒண்ணுதேன் மாப்ள இருக்கு. இன்னொண்ணு போன வருசமே தொலஞ்சு போச்சு" என்றார் அண்ணன்.

அவருக்கு அப்படிச் சொன்னது நான்தான். கண்டரமாணிக்கத்தில் அம்மா வீட்டுக்கு நான் போயிருக்கும் நாட்களில் வசதியாக இருக்கும் என்று ஒரு தடவை அந்தச் சாவியைக் கேட்டார். கொடுக்க மனமில்லாமல் தொலைந்துவிட்டது என்றேன்.

கைப்பையின் உள்ஜிப்பைத் திறந்து சாவியை எடுத்து எலக்ட்ரீஷியனிடம் நீட்டினேன். அவர் ஒன்றும் அறியாமல் வாங்கிக்கொண்டார். அண்ணன் சாவியைப் பார்த்தார், பிறகு தெருவைப் பார்த்தார்.

"கெடச்சிருச்சா? நல்லதாப் போச்சு."

"ஆமாண்ணே. பீரோவுல கெடந்துச்சு."

தலையை ஆட்டினார்.

பூட்டுகள் அதற்குப் பிறகு தாமாகத் திறக்கவில்லை. அடுத்த மாதம் அவர், திருப்பூரில் மகளுக்குப் பிரசவம், மூன்று வாரம் லீவு வேண்டும் என்றார். இது சாக்கு, இனி வரமாட்டார் என்று முடிவு கட்டி, அவருக்குப் பதிலாக வந்த ஆளையே நிரந்தரமாக இருக்க முடியுமா என்று கேட்டு வைத்தேன்.

சொன்ன திங்கட்கிழமையே அவர் வந்து நின்றார். "பேத்தி பொறந்திருக்கா தங்கச்சி" என்று போனை நீட்டினார். துண்டில் சுற்றிய சிவந்த முகம், தலை நிறைய முடி. அழகாக இருக்கிறாள் என்றேன், மனதாரத்தான் சொன்னேன். ஆனால் படத்தின் மூலையில் தேதி இருக்கிறதா என்று என் கண் தேடியது. அதை அவர் கவனிக்கவில்லை என்றுதான் நினைக்கிறேன்.